சிரிப்பை எழுதியவருக்கும் ஒரு விருது: தமிழ்நாடு அரசுத் திரைப்பட விருதுத் தேர்வுக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விருதுப் பட்டியலில் சிறந்த நகைச்சுவை நடிகருக்கு ஓர் இடம் இருக்கிறது. நகைச்சுவை நடிகைக்கும் இருக்கிறது. அவர்கள் பேசும் வரிகளை உட்கார்ந்து எழுதியவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. சிறந்த நகைச்சுவை எழுத்துக்கு என்று ஒரு விருதைச் சேர்க்கும்படி அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். கோரிக்கை அவ்வளவுதான். காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: சினிமாவுக்கும் நாடகத்துக்கும் நகைச்சுவை எழுதிய சித்ராலயா கோபு.

வசனகர்த்தாவுக்கு விருது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நம் ஊரில் வசனம் என்றதும் காதில் விழுவது எது? 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றம், 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் தர்பார். மூச்சுப் பிடித்துப் பேசினால் அது வசனம். அவற்றைப் புத்தகமாகப் போட்டு விற்றோம், இசைத்தட்டில் கேட்டோம், பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளை மேடையேற்றிப் பேசவைத்தோம். கட்டபொம்மனுக்கு வசனம் எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் பெயர் அதனால்தான் நிலைத்தது; நிலைக்க வேண்டிய பெயர்தான், குறை சொல்லவில்லை.

அதே 1959-இல் ‘கல்யாண பரிசு’ வந்தது. அதில் தங்கவேலு பைரவன் என்ற பாத்திரத்தில் வருவார். மன்னார் அண்ட் கம்பெனியில் பெரிய வேலை என்று மாமனார் வீட்டில் அளப்பார். பிறகு தானொரு எழுத்தாளர் என்றும் கிளம்புவார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மூன்றாவது. இன்றைக்கும் பெயர்ப் பலகை மட்டுமே உள்ள ஒரு நிறுவனத்தைப் பார்த்தால் ‘மன்னார் அண்ட் கம்பெனி’ என்றுதான் சொல்கிறோம். படத்தைப் பார்க்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள். கட்டபொம்மன் வசனத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை சொல்ல ஆளிருக்கிறது. மன்னார் அண்ட் கம்பெனியை நடத்தியவர் யார் என்று கேட்டால், தங்கவேலு என்கிறார்கள். அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் கோபு.

இயற்பெயர் சடகோபன். செங்கல்பட்டில் வளர்ந்தவர். இயக்குநர் ஸ்ரீதரின் பால்ய நண்பர். இருவரும் சேர்ந்து நாடகம் போட்ட காலத்திலேயே வேலைப் பிரிவினை ஆகிவிட்டது: அழவைப்பது ஸ்ரீதர், சிரிக்கவைப்பது கோபு. ‘கல்யாண பரிசு’ ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அதன் பிறகு சித்ராலயா என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, ‘தேன் நிலவு’ படத்துக்காக ஒரு கூட்டத்தையே காஷ்மீருக்கு அழைத்துப் போனார். அந்த நிறுவனத்தின் பெயர் கோபுவின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகிவிட்டது. ஒரு கம்பெனியின் பெயரை ஒருவர் இனிஷியலைப் போலச் சுமப்பதற்கு, அந்தக் கம்பெனிக்குள் அவர் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ரீதருக்கு அப்போது முக்கோணக் காதல், தியாகம், கண்ணீர் என்றுதான் பெயர். 1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ அந்தப் பெயரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அப்படிப்பட்டவரிடம் முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று சொன்னவர் கோபு. மெரினா கடற்கரையில் உட்கார்ந்து பேசிய பேச்சில் உருவான கதை அது. ஸ்ரீதர் முதலில் தயங்கினார். தயக்கத்தில் நியாயம் இருந்தது. அன்றைய தமிழ்ப் படத்தில் நகைச்சுவை என்பது பெரும்பாலும் தனிச் சரக்கு. கதை ஒரு தண்டவாளத்தில் போகும், சிரிப்பு பக்கத்துத் தண்டவாளத்தில் வரும், இடைவேளையில் இரண்டும் ஒரே ஸ்டேஷனில் நிற்கும். சிரிப்பே கதையாக ஒரு முழுப் படத்தைத் தாங்குமா? ‘சபாபதி’ போன்ற பழைய முன்னோடிகள் இருந்தும், கலரில் பெரிய பணம் போட்டு எடுக்கும்போது அந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

1964 பிப்ரவரி 27 அன்று ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானது. வெள்ளிவிழா கண்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே ஒரு காட்சியை மட்டும் எழுத்தாகப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

செல்லப்பா என்ற மகன் சினிமா எடுக்கக் கிளம்பியிருக்கிறான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனிப் பெயர்கூடத் தயார். பணம்தான் இல்லை, அது அப்பா விஸ்வநாதனிடம் இருக்கிறது. அப்பாவுக்குக் கதை சொல்கிறான். பேய்க் கதை. நாகேஷ் சொல்லச் சொல்ல, பாலையா நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டே போகிறார். தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் அதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாராவது நிறுத்திக் கேட்டிருக்கிறோமா? பேசுபவர் நாகேஷ். நாம் சிரிப்பது பாலையாவைப் பார்த்து. பாலையாவுக்கு அநேகமாக வசனமே கிடையாது. வசனம் எழுத வந்தவர், காட்சியின் மிகப் பெரிய சிரிப்பை வசனமில்லாத ஆளிடம் கொடுத்திருக்கிறார். அதற்கும் மேல் ஒன்று: செல்லப்பா சொல்லும் கதையில் கதையே இல்லை. ஓசை இருக்கிறது, நடை இருக்கிறது, நிழல் இருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. சினிமாக் கதை கேட்டுக் கேட்டு நொந்த ஒருவர்தான் இதை எழுத முடியும். சினிமாவுக்குள் இருந்துகொண்டே சினிமாவைக் கிண்டல் செய்யும் துணிச்சல் அதில் இருக்கிறது. நாகேஷும் பாலையாவும் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவருக்கு வாயையும் மற்றவருக்கு முகத்தையும் பங்கு பிரித்துக் கொடுத்தது காகிதத்தில் நடந்த வேலை.

இன்னோர் இடம். வீட்டு வாசலில் கொட்டகை போட்டுத் தகராறு செய்த வேலையில்லாப் பையன் அசோக், உண்மையில் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று விஸ்வநாதன் நம்பிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அசோக் அசோகராகிறான், மகன் மகராகிறான். வாக்கியத்தின் வாலில் ஓர் எழுத்து கூடுகிறது, அவ்வளவுதான். பணத்துக்கு முன்னால் ஒரு மனிதரின் முதுகு வளைவதை ஒரு பக்க வசனத்தில் எழுதியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு மறந்திருப்போம். ஓர் எழுத்தில் எழுதியதால் அறுபது ஆண்டாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கதைக்கட்டும் அப்படித்தான். ஏழைப் பையனுக்குப் பணக்கார அப்பா வேண்டும். நண்பன் வாசு கிழவர் வேடம் போட்டு அப்பாவாகிறான். வாசுவின் காதலி அதே வீட்டின் மூத்த பெண் என்பது வேடம் போடும்போது அவனுக்குத் தெரியாது. ஒரு பொய், ஒரு வீடு, மேலே மேலே ஆட்கள். பைரவன் அளந்த அதே அளப்புதான், இங்கே மொத்தக் கதைக்கும் அச்சாணியாகிவிட்டது. பொய் சொல்பவர் யார், தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பதைப் பார்வையாளர் ஒரு நொடிகூடக் குழம்பாமல் தொடர வேண்டும். குழம்பினால் சிரிப்பு போய்விடும். அழுகைக் காட்சியில் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் இசை வந்து காப்பாற்றிவிடும். இங்கே காப்பாற்ற யாருமில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஆளை மாற்றிப் பார்த்தால் எழுத்தின் பங்கு தெரிந்துவிடும். இந்தப் படத்தில் அது நடந்தே இருக்கிறது. 1965-இல் தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’ என்று எடுத்தார்கள். 1966-இல் ஸ்ரீதரே இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அங்கே வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ். கதை சொல்லும் காட்சி அப்படியே இருந்தது, வடநாட்டிலும் கூரை அதிர்ந்தது. ஃபிலிம்ஃபேர் பத்திரிகை நகைச்சுவை நடிப்புக்கென்று ஒரு விருதை 1967-இல் புதிதாகத் தொடங்கியபோது, முதன்முதலாக அதைப் பெற்றவர் மெஹ்மூத். இந்தப் படத்துக்காகத்தான் பெற்றார். மெஹ்மூதுக்கும் நாகேஷுக்கும் முகம் வேறு, மொழி வேறு, உடல் அசைவு வேறு. இருவருக்கும் பொதுவாக இருந்தது என்ன? மெரினா மணலில் பேசிப் பேசி உருவான அந்தச் செல்லப்பா. நடித்தவருக்கு விருது கொடுக்க ஒரு பிரிவே உருவானது. எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று தோன்றவில்லை. அன்றைக்கு மும்பையில் நடந்த அதே விடுபடுதல்தான் இன்றைக்கும் சென்னையில் உங்கள் பட்டியலில் இருக்கிறது.

‘காமெடியன்கள் சொந்தமாகத்தானே சேர்த்துக்கொள்கிறார்கள்’ என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. சேர்த்துக்கொள்கிறார்கள். நாகேஷ் எழுதியதை மட்டும் பேசிவிட்டுப் போகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் சேர்க்க இடம் வேண்டும். எந்த வரிக்குப் பிறகு இடைவெளி விடலாம், யார் முகத்தை அப்போது காட்டலாம், எந்த விஷயம் அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் தெரியாது என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகியிருந்தால்தான் நடிகர் அங்கே விளையாட முடியும். அலுவலக நாடகக் குழுவுக்குச் சில நகைச்சுவை நாடகங்கள் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சோகக் காட்சி சொதப்பினால் அரங்கம் அமைதியாக இருக்கும், அதை உருக்கம் என்று நாமே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிரிப்புக் காட்சி சொதப்பினாலும் அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். அதற்கு வேறு பொருளே கிடையாது. பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் நிற்கும் எழுத்தாளனுக்கு அந்த அமைதியில் வியர்த்துவிடும்.

கோபு அந்த மேடையைத் தெரிந்தவர். சினிமாவுக்கு எழுதிக்கொண்டே நாடகத்துக்கும் எழுதினார். அறுபதுகளின் சென்னையில் சபா நாடகம் என்பது பெரிய உலகம். கே. பாலசந்தர் ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட காலம் அது. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ., சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் என்று ஆளாளுக்கு ஒரு குழு. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து மேடையேறினார்கள். சபாவில் சிரித்த வரி கொட்டகையிலும் சிரிக்கும் என்ற கணக்கில் தயாரிப்பாளர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ‘கலாட்டா கல்யாணம்’ அப்படி மேடையிலிருந்து வந்த கோபுவின் கதைதான். 1968-இல் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில் சிவாஜியும் ஜெயலலிதாவும் ஜோடியாக நடித்தார்கள். தன் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தான் கல்யாணம் என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பா. தன் கல்யாணம் நடக்க வேண்டுமானால் மற்றவர்களுக்கும் மாப்பிள்ளை தேட வேண்டிய காதலன். கர்ஜனைக்குப் பெயர்போன சிவாஜியை மாப்பிள்ளைத் தரகராக ஊர் சுற்றவைத்த குறும்பு அது. 1971-இல் வந்த ‘உத்தரவின்றி உள்ளே வா’ படத்தில் நாகேஷைப் போன பிறவிக் கணவன் என்று நம்பி ரமாபிரபா துரத்துவாரே, அதுவும் கோபுவின் எழுத்துதான்.

எனக்குக் கேட்டால், அவருடைய உச்சம் ‘காசேதான் கடவுளடா’. ‘காதலிக்க நேரமில்லை’யைவிட இதை மேலே வைப்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். முதலில் நாடகம். பிறகு ஏவி.எம். நிறுவனம் அதை வாங்கி, கோபுவையே இயக்கவும் சொல்லி, 1972-இல் படமாக வெளியிட்டது. வீட்டுச் சொத்து முழுவதும் மனோரமா நடித்த சின்னம்மாவின் கையில். இரும்புப் பெட்டியைத் திறக்க வழியில்லாத பையன்கள், அவருடைய பக்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு டீக்கடைக்காரரைச் சாமியாராக வேடம் போட்டு அழைத்துவருகிறார்கள். தேங்காய் சீனிவாசன். காவி உடுத்தி, கண்ணை மூடி, தேவபாஷையில் நாலு வார்த்தை. பிடி கொஞ்சம் நழுவியதும் சென்னைத் தமிழ் எட்டிப்பார்க்கும். ஒரே வாயில் இரண்டு மொழி. இதை நன்றாக நடித்துவிடலாம், எழுதுவதுதான் கஷ்டம். எந்த வார்த்தையில் சாமியார் முடிந்து எந்த வார்த்தையில் டீக்கடை தொடங்குகிறது என்பதை அளந்து வைக்க வேண்டும். சீக்கிரம் வழுக்கினால் மனோரமா முட்டாளாகிவிடுவார். தாமதித்தால் சிரிப்பு ஆறிவிடும். கோபு மனோரமாவை எங்கேயும் முட்டாளாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏமாறுகிறவரும் கெட்டிக்காரராக இருப்பதால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வியர்க்கிறது. அரை நூற்றாண்டு கழித்து இந்தக் கதையை மறுபடியும் படமாக எடுத்தார்கள். சாமியார்களுக்குக் குறைவில்லாத நாட்டில் கதை பழையதாகவில்லை.

கோபுவுக்காவது பெயர் இருக்கிறது. பின்னால் வந்தவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. கவுண்டமணி, செந்தில் ஜோடிக்கு எத்தனையோ படங்களில் நகைச்சுவைப் பகுதி எழுதிக் கொடுத்தவர் ஏ. வீரப்பன், ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தைத் தெரியாத தமிழர் உண்டா, வீரப்பனைத் தெரிந்தவர் எத்தனை பேர்? கிரேஸி மோகன் ஒருவர் தப்பித்தார். மேடையில் தன் குழுவின் பெயரிலேயே தன் பெயரையும் வைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ வந்தபோது வசனத்தைக் கேட்கவென்றே இரண்டாம் முறை டிக்கெட் எடுத்தவர்கள் இருந்தார்கள். முதல் முறை பக்கத்து இருக்கைச் சிரிப்பில் பாதி கேட்கவில்லை.

நடைமுறையில் இது முடியுமா என்று நீங்கள் யோசிக்கலாம். ஒரு படத்தில் நகைச்சுவையை எழுதியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி எளிது. விருதுக்கு விண்ணப்பிக்கும் தயாரிப்பாளர், நகைச்சுவைக் காட்சிகளை எழுதியவரின் பெயரையும் ஒப்புதலையும், அந்தக் காட்சிகளின் எழுத்துப் பிரதியையும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதி வையுங்கள். இயக்குநரே எழுதியிருந்தால் அவர் பெயர். நாலு பேர் உட்கார்ந்து பேசியதென்றால் நாலு பெயர். நடிகர் தானே எழுதிக்கொண்டால் அவருக்கே இரண்டு விருதும் போகட்டும்; என்.எஸ். கிருஷ்ணன் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். இந்த ஒரு விதியால், டைட்டில் கார்டில் விட்டுப்போகும் பெயர்கள் தானாக ஏறத் தொடங்கும். விருது வேண்டுமென்றால் பெயர் வேண்டும் என்று வந்துவிட்டால் தயாரிப்பாளர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தப் பிரதிகளை விருது முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்பது துணைக் கோரிக்கை. படச்சுருளைக் காப்பாற்ற நாட்டில் ஏற்பாடு உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் ‘காதலிக்க நேரமில்லை’ வந்த அதே 1964 பிப்ரவரியில்தான். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைக்கூடத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது. நகைச்சுவைப் படத்தின் திரைக்கதையைக் கையில் எடுத்துப் படிக்க நினைக்கும் மாணவர் எங்கே போவார்? யூடியூபில் காட்சியை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அதே தரமணியில் அரசு நடத்தும் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. விருதுக்கு வரும் பிரதிகள் அதன் நூலகத்துக்குப் போனால், யாருக்கும் செலவில்லை.

2009 முதல் 2014 வரையிலான விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு 2022-இல் மேடையில் வழங்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே அவசரப்படுத்தவில்லை. அடுத்த முறை குழு கூடும்போது பரிந்துரைக் குறிப்பில் இந்தப் பிரிவுக்கு ஒரு வரி இடம் கொடுங்கள். நடுவர்களில் ஒருவராவது நகைச்சுவை எழுதிப் பழகியவராக இருக்கட்டும்; சிரித்துக்கொண்டே மதிப்பெண் போடத் தெரிந்த ஆள் வேண்டும். விருதுக்குப் பெயர் வைக்கும்போது ஏற்கெனவே பல விருதுகளுக்குப் பெயர் கொடுத்துவிட்ட தலைவர்களைத் தேடிப் போகாமல், செங்கல்பட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒருகாலத்து நாடக எழுத்தாளர்,
நங்கநல்லூர், சென்னை